மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கப் பெங்களூர்க்காரர்களால் முடியாதா?

ஜே_14 (இழையைத் தொடங்கியவர்) | வெள்ளி, பிற்பகல் 1:20

தலைப்பைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள், முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படவும். நானும் பெங்களூர்க்காரன்தான். லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்தவன்.

2023 ஜனவரியில் சென்னையில் நடந்த ஒரு முதல் காட்சிக் கொண்டாட்டத்தில் ரசிகர் ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகள் நின்றுபோயின. எவ்வளவு பெரிய நடிகரின் படமானாலும் அங்கே பொழுது 9 மணிக்குத்தான் விடிகிறது. இங்கே அப்படி இல்லை. காலை 6 மணிக்கு, சில படங்களுக்கு அதற்கும் முன்னாலேயே, கதவைத் திறந்துவிடுகிறார்கள். ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் இரவோடு இரவாகக் கிளம்பி வந்து லால்பாக் சாலை ஊர்வசியில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. ஆக, ஒரு தமிழ்ப் படத்தின் கதை தமிழ்நாட்டுக்குத் தெரியும் முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. நமக்கு இடைவேளை விடும் நேரத்தில் சேலத்துக்காரர் அப்போதுதான் குளித்துக்கொண்டிருப்பார்.

இன்று நடந்தது இதுதான். எங்கள் உறவினர் ஒருவர் 6 மணிக் காட்சிக்குப் போயிருந்தார். இடைவேளைக்குச் சற்று முன்பு கௌரவ வேடத்தில் ஒருவர் தோன்றுகிறார். படக்குழு மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்த செய்தி அது. தியேட்டரில் விசில் அடங்குவதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தக் காட்சி வந்து விழுந்தது. சேலத்தில் இருக்கும் என் தங்கை 9 மணிக் காட்சிக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். பார்த்துவிட்டு, "நன்றி மாமா" என்று மட்டும் எழுதினாள். அந்த இரண்டு சொல்லில் இருந்த சூடு அவருக்கு உறைக்கவே இல்லை. நான் தொலைபேசியில் கேட்டபோது, "கதையை எங்கே சொன்னேன்? யார் வருகிறார் என்றுதானே காட்டினேன்" என்கிறார்.

படத்தை முதலில் பார்ப்பவருக்கு ஏதாவது கடமை உண்டா, இல்லையா? எதைச் சொல்லலாம், எதுவரை சொல்லலாம், எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சீராம்புரம்_செல்வி | வெள்ளி, பிற்பகல் 2:05

வாட்ஸ்அப் குழுவை விட்டாவது வெளியேறலாம். அலுவலக வண்டியை விட்டு எங்கே வெளியேறுவது? சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளி வரை மாலை நேரத்தில் வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வண்டி நகராது, கதவும் திறக்காது.

பின் இருக்கையில் இரண்டு இளைஞர்கள், அன்று வெளியான படத்தை முதலிலிருந்து பேசிக்கொண்டு வந்தார்கள். தமிழில்தான். வண்டியில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது என்ற நம்பிக்கை. பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்கள் எல்லோருக்கும் இந்த நம்பிக்கை கொஞ்ச காலம் இருக்கும். வில்லன் உண்மையில் யார் என்ற இடத்துக்குப் பேச்சு வந்தபோது, ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தியே விட்டார். தருமபுரிக்காரர். திரும்பிப் பார்த்து, "தம்பி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகலாம் என்று இருக்கிறேன். இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்றார். வண்டியில் இருந்த ஐந்து பேரில் நான்கு பேருக்குத் தமிழ் புரியும் என்பது அதன் பிறகுதான் வெளிப்பட்டது.

பொது இடத்தில் படத்தின் முடிவைப் பேசக் கூடாது என்பது என் கட்சி. லிஃப்ட், வண்டி, மெட்ரோ, உணவு விடுதி எல்லாம் இதில் அடக்கம்.

கதை_பழசு | வெள்ளி, பிற்பகல் 3:40

நான் எதிர்க்கட்சி. திட்டுங்கள், பரவாயில்லை.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 12 சிறுகதைகளை எடுத்துக்கொண்டு, சிலருக்கு முடிவை முன்பே சொல்லியும் சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்கள்தான் அதிகம் ரசித்தார்கள். மர்மக் கதைகளும் இதில் அடக்கம்.

அவ்வளவு தூரம் போவானேன்? சிலப்பதிகாரத்தின் பதிகத்தை எடுத்துப் பாருங்கள். கோவலன் கொலையுண்டது, கண்ணகி மதுரையை எரித்தது எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் நூல் தொடங்குகிறது. எந்தத் தமிழனாவது "போச்சு, இனி எதற்குப் படிப்பது" என்று மூடி வைத்தானா? பாரதக் கூத்தில் துச்சாதனன் சேலையைப் பிடிப்பான் என்று தெரிந்தேதான் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்தால் கெட்டுப்போகிற படம், தெரியாவிட்டாலும் கெட்ட படம்தான். ஒரு தடவை பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுகிற சரக்குக்காக ஊரே மௌன விரதம் இருக்க வேண்டுமா? உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது.

ஜே_14 | வெள்ளி, மாலை 4:15

ஆய்வு என்று தொடங்கினால் முழுவதையும் சொல்ல வேண்டும். 2015இல் ஜான்சன், ரோசன்பாம் என்ற இருவர் இதே கேள்வியை மறுபடி ஆராய்ந்தார்கள். முடிவு தெரியாமல் படித்தவர்களே கதையில் அதிகம் தோய்ந்தார்கள், அதிகம் ரசித்தார்கள் என்று அவர்களுக்குக் கிடைத்தது. ஆய்வுக்கு ஆய்வு சரியாகப் போயிற்று.

பதிகம் வேறு விஷயம். அங்கே கதையை முன்கூட்டிச் சொல்வது அந்த நூலேதான். எந்தச் செய்தியை எப்போது அவிழ்ப்பது என்று கதைசொல்லி தீர்மானித்த முறை அது. கூத்திலும் கட்டியங்காரன் மேடைக்கு உள்ளே நின்றுதான் சொல்கிறான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று, "அடுத்து சேலை வளரும் பாருங்கள்" என்று கத்தினால் அவரைச் சும்மா விட்டிருப்பார்களா? ஒன்றரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும் என்று இயக்குநர் நினைத்த ஒன்றை, அவருக்குப் பதிலாகத் திறந்து காட்டும் உரிமையை என் மாமாவுக்கு யார் கொடுத்தது என்பதுதான் என் கேள்வி.

பாட்டுப்_புத்தகம் | வெள்ளி, இரவு 7:30

பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழவனின் குறுக்கீடு.

நான் சிவாஜிநகரில் வளர்ந்த காலத்தில் தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். சில பைசாதான் விலை. பாட்டு வரிகளுக்கு முன்னால் கதைச்சுருக்கம் இருக்கும். அதை எழுதிய மனிதர்கள் யாரோ, பெயர்கூட இருக்காது. ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. நாயகி வீட்டை விட்டு வெளியேறுவாள், தம்பி மேல் கொலைப்பழி விழும், அண்ணன் ஊர் திரும்பும் ரயிலில் ஏறுவான். "அவன் வந்து சேர்ந்தானா? தம்பியின் பழி நீங்கியதா? விடையை வெள்ளித்திரையில் காண்க." அவ்வளவுதான். முக்கால்வாசிக் கதையைச் சொல்லியிருப்பார்கள், ஆனாலும் காசு கொடுத்து உள்ளே போகத் தோன்றும். இன்று விமர்சனம் எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கை வராது.

இன்னொரு பக்கமும் இருந்தது. எங்கள் தெருவில் படம் பார்க்க வழியில்லாதவர்கள் நிறையப் பேர். வீட்டை விட்டு அனுப்பப்படாத பெண்கள், கூலி கிடைக்காத நாளில் டிக்கெட்டை நினைக்கவே முடியாதவர்கள். படம் பார்த்துவிட்டு வந்தவன் தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து, எழுத்துப் போடுவதிலிருந்து வணக்கம் வரை முழுக் கதையையும் சொல்வான். சண்டைக்குச் சத்தம், பாட்டுக்குப் பாட்டு எல்லாம் உண்டு. அவர்களுக்கு அதுதான் படம். ஆனால் தொடங்கும் முன் ஒரு வார்த்தை கேட்பான்: "யாராவது படத்துக்குப் போகப் போகிறீர்களா?" போகிறவர் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கம் அல்ல. அப்புறம் வானொலியில் ஒலிச்சித்திரம் போட ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிய படம். எங்கள் அத்தை படம் பார்த்ததெல்லாம் காதால்தான்.

வெளிநாட்டுச் சமாச்சாரம் ஒன்றும் சொல்கிறேன். லண்டனில் அகதா கிறிஸ்டியின் மர்ம நாடகம் ஒன்று 1952 முதல் நடக்கிறது. 2020இல் கொள்ளைநோய் வந்தபோது மட்டும் நிறுத்தி, மறு ஆண்டு தொடர்ந்தார்கள். ஒவ்வொரு காட்சி முடிவிலும் நடிகர் ஒருவர் மேடையில் நின்று, கொலையாளி யார் என்பதை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வார். மிரட்டல் இல்லை, வேண்டுகோள்தான். ஹிட்ச்காக் இன்னும் கறார். 1960இல் வந்த அவருடைய ஒரு படத்துக்கு, காட்சி தொடங்கிய பின் யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார். நம் ஊரில் அப்படிப் போட்டால் பாதிப் பேர் வாசலில்தான் நிற்பார்கள்.

ஓசூர்_ரோடு | வெள்ளி, இரவு 8:10

ஐயா, அருமை.

எனக்கு ஒரே ஒரு குறை. "நான் எதையும் சொல்ல மாட்டேன், ஆனால் கடைசி இருபது நிமிடத்தைக் கவனமாகப் பார்" என்று சொல்லும் கூட்டம் இருக்கிறதே, அவர்களை என்ன செய்வது? அதைக் கேட்ட பிறகு முதல் இரண்டு மணி நேரம் திரையில் வருகிற ஒவ்வொருவனையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதிகம் சிரிக்கிற நண்பன் வந்தால், "ஓ, இவன்தானா" என்று தோன்றிவிடுகிறது. திருப்பம் இருக்கிறது என்று சொல்வதே திருப்பத்தைச் சொல்வதுதான்.

உடையார்குடி | வெள்ளி, இரவு 9:25

பழைய கதைக்கு என்ன விதி என்று யாரும் கேட்கவில்லையே?

பொன்னியின் செல்வன் கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30, இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28. நடுவில் ஏழு மாதம். எங்கள் அலுவலகத்தில் கன்னட, தெலுங்கு நண்பர்கள் முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்து என்ன என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழுவில் இருந்த தமிழர்களில் பாதிப் பேர், "எழுபது வருடத்துக் கதை, இதில் என்ன ரகசியம்" என்று தேநீர் இடைவேளையில் எல்லாவற்றையும் உடைத்தார்கள். கதையின் வயது எழுபதாக இருக்கலாம். கேட்பவருக்கு அது நேற்றுத்தான் பிறந்திருக்கிறது. கன்னடத்தில் எல்லோரும் படித்துவிட்ட நாவல் ஒன்றைப் படமாக எடுத்து, அதன் முடிவை நமக்கு யாராவது இப்படிச் சொன்னால் விட்டுவிடுவோமா?

வேடிக்கை என்னவென்றால், ஆதித்த கரிகாலன் கொலையில் குற்றவாளிகளாகக் கண்டவர்களின் பெயர்கள் என் ஊர்க் கோயில் கல்வெட்டில் இருக்கின்றன. காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடி. அவர்களுடைய உறவினர்களின் சொத்தைப் பறிமுதல் செய்தது பற்றிய, ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு. ஆயிரம் ஆண்டுகளாகக் கோயில் சுவரில் பகிரங்கமாக நிற்கும் அந்தச் செய்தியைப் பற்றிப் புகார் கொடுப்பதென்றால் யாரிடம் கொடுப்பது? (பெயர்களை இங்கே எழுத மாட்டேன். நாவலை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கும் ஒருவர் இந்தத் தளத்தில் இருக்கிறார், எனக்குத் தெரியும்.)

மனு_எண் | வெள்ளி, இரவு 10:00

நான் வழக்கறிஞர். நாகரிகத்தைப் பற்றி நீங்கள் பேசுங்கள், சட்டத்தை நான் சொல்கிறேன்.

ஜே_14 அவர்களின் மாமா செய்தது வெறும் நாகரிகக் குறைவு அல்ல. திரையரங்கில் ஓடும் படத்தை அனுமதியில்லாமல் பதிவு செய்வதும் அதற்கு முயல்வதும், 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி குற்றம். குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 3 லட்சம் ரூபாயில் தொடங்கி, படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். இன்றைய பெரிய படங்களின் செலவுக்கு அந்த 5 சதவீதத்தை யாராவது கணக்குப் போட்டு மாமாவுக்கு அனுப்புங்கள். வாயால் கதை சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜே_14 | வெள்ளி, இரவு 10:12

அனுப்பிவிட்டேன். படித்துவிட்டதற்கான இரண்டு நீலக் குறிகள் வந்திருக்கின்றன. பதில் இல்லை.

ஹெப்பாள்_மீனா | சனி, காலை 6:50

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். முடிவு தெரியாமல் படமே பார்க்க முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

என் அம்மாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. படத்துக்குக் கிளம்பும் முன் அவர் கேட்பது இரண்டே கேள்விதான்: குழந்தைக்கு ஏதாவது ஆகிறதா, கடைசியில் சேர்கிறார்களா. சொன்னால்தான் சேலை மாற்றுவார். தணிக்கைச் சான்றிதழில் இப்போது 7 வயது, 13 வயது, 16 வயது என்று பிரித்துப் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அது குழந்தையின் வயதைச் சொல்லுமே தவிர, என் மகள் எந்தக் காட்சிக்குப் பயந்து இரவெல்லாம் விழித்திருப்பாள் என்று சொல்லாது. அதை முன்பே பார்த்த இன்னொரு தாயிடம்தான் கேட்க வேண்டும். விரிவாகவே கேட்பேன், அவரும் விரிவாகவே சொல்வார்.

என் மாமனார் கதை வேறு. அவருக்குக் கன்னடம் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வரும். ஆனால் ஒவ்வொரு பெரிய கன்னடப் படத்தையும் தியேட்டரில் பார்த்தாக வேண்டும். மேல் வீட்டு கௌடா முதலில் பார்த்துவிட்டு வந்து, படி இறங்கும்போதே முழுக் கதையையும் சொல்லிவிடுவார். மறுநாள் மாமனார் போய், எல்லாம் புரிந்தவர் மாதிரி சரியான இடங்களில் கைதட்டுவார். அந்த ஏற்பாட்டைக் கெடுத்துவிடாதீர்கள்.

பெரியவர் சொன்ன தெருவிளக்குக் கதைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கேட்டவருக்குச் சொல். கேட்காதவருக்குச் சொல்லாதே.

கதை_பழசு | சனி, காலை 9:30

மீனா அம்மா என் பக்கம் பாதி வந்துவிட்டார், நன்றி.

மீதிப் பேருக்கு ஒரு நடைமுறைக் கேள்வி. கெடு எத்தனை நாள்? தமிழ்ப் படம் பெரும்பாலும் 4 வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகிறது. இந்திப் படம் என்றால் தேசிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் 8 வாரம் கேட்கின்றன. அப்படியானால் தமிழ்ப் படத்துக்கு ஒரு மாதமும் இந்திப் படத்துக்கு இரண்டு மாதமும் நான் ஊமையாக இருக்க வேண்டுமா? ஓடிடியில் வந்த பிறகும், "தீபாவளி விடுமுறையில் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன்" என்கிறவர்கள் உண்டு. பார்த்த படத்தைப் பற்றிப் பேசுவதில்தான் பாதி இன்பம். அதை அடக்கி வைத்தால் எனக்கும் இழப்புதானே? படம் பார்க்காதவருடைய இன்பத்துக்கு மட்டும்தான் மதிப்பா?

பாட்டுப்_புத்தகம் | சனி, காலை 10:05

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேச ஆள் இல்லாமல் படம் பார்ப்பது வெறுமைதான். பார்த்தவர்களாகச் சேர்ந்து பேசுங்கள், யார் வேண்டாம் என்றது? வாய்விட்டுப் பேசும் முன் அங்கே இருப்பவர்களை ஒரு முறை சுற்றிப் பார்க்கச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

ஓசூர்_ரோடு | சனி, காலை 10:40

பெங்களூர்தான் முதலில் பார்க்கிறது என்று யார் சொன்னது? என் மைத்துனர் நியூ ஜெர்சியில் இருக்கிறார். அங்கே முந்தின நாள் மாலையே சிறப்புக் காட்சி போடுகிறார்கள். நமக்கு அது நடுச்சாமத்துக்குப் பிந்திய நேரம். நான் 6 மணிக் காட்சிக்குப் போக எழுந்து பல் துலக்கும்போது, "இரண்டாம் பாதி இழுவை, ஆனால் அப்பா சாகும் காட்சி அபாரம்" என்று செய்தி வந்து உட்கார்ந்திருக்கிறது. அக்காள் கணவர், திட்டவும் முடியாது. "சரிங்க மாமா" என்று போட்டுவிட்டுக் கிளம்பினேன். படம் முழுவதும் அந்த அப்பா எப்போது இருமினாலும் எனக்குத் திக்கென்றது.

சீராம்புரம்_செல்வி | சனி, காலை 11:15

ஆக, நியூ ஜெர்சி நமக்குச் செய்வதை நாம் சேலத்துக்குச் செய்கிறோம்.

"படம் மோசம், போகாதே" என்பது ஸ்பாய்லரா (கதையை முன்கூட்டியே உடைப்பதா) என்று நேற்றிரவு எங்கள் வீட்டில் சண்டை. என்னைக் கேட்டால் இல்லை. அது அவரவர் கருத்து, காசை மிச்சம் பிடித்துக் கொடுக்கும் உதவியும்கூட. எந்த இடத்தில் மோசம் என்று விளக்கத் தொடங்கும்போதுதான் வம்பு வருகிறது.

ஜே_14 | சனி, மாலை 5:50

எங்கள் குடியிருப்பு வளாகத் தமிழ்க் குழுவில் இன்று பேசி முடிவெடுத்தோம். பெரிய படம் வெளியாகும் நாளுக்கு முந்தின இரவு குழுவைப் பூட்டிவிடுவோம், நிர்வாகிகள் மட்டும்தான் எழுத முடியும். தண்ணீர் லாரி, மின்தடை அறிவிப்புகளுக்குத் தடையில்லை. படம் பார்த்தவர்களுக்கென்று டெலிகிராமில் தனிக் குழு. அங்கே எழுத்தை மறைத்து அனுப்பும் வசதி இருக்கிறது, தொட்டால்தான் தெரியும். அதில் சேர்கிறவர் படம் பார்த்தவர் என்றே கொள்ளப்படும். டிக்கெட்டைக் காட்டச் சொல்ல வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார், அது தோற்றது. துணுக்குக் காட்சி அனுப்புகிறவர் எந்தக் குழுவில் அனுப்பினாலும் ஒரு மாதம் வெளியே. வழக்கறிஞர் ஐயா கொடுத்த விவரத்தைக் குழுவின் முகப்பில் ஒட்டியிருக்கிறோம். ஞாயிறு இரவு 10 மணிக்குப் பூட்டுத் திறக்கும்.

மாமா இன்னும் பேசவில்லை. ஆனால் நிலைத்தகவலில் போட்டிருந்த அதே காட்சியை எடுத்துவிட்டார்.

கதை_பழசு | சனி, மாலை 6:20

உங்கள் வளாகத்துக்கு நான் குடிவர மாட்டேன்.

சீராம்புரம்_செல்வி | சனி, மாலை 6:45

ஞாயிறு இரவு யார் வைத்த கணக்கு? சனி, ஞாயிறு விடுமுறை உள்ளவர்கள் வைத்ததா? எங்கள் பிரிவில் வார விடுமுறை செவ்வாய். மருத்துவமனைச் செவிலியர், வண்டி ஓட்டுகிறவர், கடைகளில் நிற்கிறவர் யாருக்கும் ஞாயிறு கிடைக்காது. உங்கள் காவலாளி எந்த நாளில் படத்துக்குப் போகிறார் என்று கேட்டீர்களா?

ஜே_14 | சனி, இரவு 8:30

கேட்டேன். அவருக்கு விடுமுறை புதன்கிழமையாம். வியாழன் காலை என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன், நிர்வாகிகளில் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. நாளை கூட்டம்.